ஊசி குத்தியும் துடிக்கவில்லையா? மூலிகைச் சாற்றின் மரப்புச் சோதனையில் பிழை தேடும் வழிமுறை

ஒரு செடியின் சாற்றைக் கினிப்பன்றியின் முதுகுத் தோலுக்குள் ஏற்றியாகிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து அந்த இடத்தை ஊசிமுனையால் தொடுகிறீர்கள். தோல் சிலிர்க்கவில்லை, விலங்கு கீச்சிடவும் இல்லை. "மரத்துவிட்டது" என்று நோட்டில் எழுதக் கை போகும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

விலங்கு துடிக்காமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு. ஊசி மொக்கையாகியிருக்கலாம். விலங்கு பயத்தில் உறைந்திருக்கலாம். கரைப்பானே மரக்கச் செய்திருக்கலாம். அந்த இடத்துத் தோல் செத்தே போயிருக்கலாம். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகு மிச்சம் இருந்தால் அதுதான் உங்கள் செடியின் வேலை. உண்மையான மரப்பு மருந்து, போட்ட இடத்தில் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உணர்வை எடுக்கும். பிறகு முழுதாகத் திருப்பிக் கொடுக்கும். கீழே வரும் எல்லாக் கோளாறுகளையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம்.

நான் எடுத்துக்கொள்ளும் அடிப்படை முறை, மருந்தியல் ஆய்வாளர்கள் பூல்பிரிங்கும் வைதாவும் 1945இல் வெளியிட்ட கினிப்பன்றித் தடிப்பு முறை. முந்தைய நாளே முதுகு முடியை வெட்டிவிட்டு, மறுநாள் தோலுக்குள் சிறு தடிப்பு எழும்படி மருந்தை ஏற்றி, தடிப்பின் விளிம்பை மையால் வட்டமிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஆறு குத்து, மொத்தம் அரை மணி நேரம். 36 குத்தில் எத்தனைக்குப் பதில் வரவில்லை என்பதே மதிப்பெண். ஒரு முதுகில் நான்கு இடம் வைத்தால் ஒரு விலங்குக்கு 144 குத்து ஆகிறது. இந்த எண்ணை எப்போதும் மனதில் வையுங்கள். சோதனை அமைப்பில் ஓட்டை இருந்தால் அத்தனை குத்தும் வீண். விலங்கு பட்ட வலிக்குப் பதிலாக நமக்கு ஒன்றும் கிடைக்காது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியாயிற்று என்பது இந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது.

லிக்னோகெயினே வேலை செய்யவில்லை

லிக்னோகெயின் பலன் தெரிந்த மரப்பு மருந்து; சாற்றோடு ஒப்பிட ஓர் இடத்தில் அதைப் போடுகிறோம். மற்ற எதையும் பார்க்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். லிக்னோகெயின் மரக்கச் செய்யாத அமைப்பில் சாற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பத்தில் எட்டு தடவை தவறு ஊசி போன ஆழத்தில் இருக்கும் என்பது என் அனுபவம். மருந்து தோலுக்குள் போகாமல் தோலுக்கு அடியில் போயிருக்கும். சரியாகப் போனால் 0.1 மில்லி ஏற்றும்போதே கை எதிர்ப்பை உணரும். மெல்லிய, வெளிறிய, பொத்தான் போன்ற தடிப்பு எழும். அதன்மேல் முடித்துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், தோல் பரவலாக உப்பினால் மருந்து அடியில் போய்விட்டது. 26 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி, முனையின் வெட்டுமுகம் மேல்பார்த்தபடி, தோலோடு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் நுழைய வேண்டும். முதன்முதலாகச் செய்பவர் உயிருள்ள விலங்கில் பழகக் கூடாது. வேறு ஆய்வில் ஏற்கெனவே உயிர்நீத்த விலங்கின் தோலில் சாயநீரை ஏற்றிப் பழகலாம்.

அடுத்தது வட்டம். தடிப்பு சீக்கிரமே அமுங்கிவிடும். மை போடத் தாமதித்தால் பத்தாவது நிமிடத்தில் நீங்கள் குத்துவது மரத்த இடத்தையா, அதன் பக்கத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் மருந்துக் குப்பியின் சீட்டைப் படியுங்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்றால் இரத்தக் குழாய் சுருங்கி, மரப்பு நீண்டுபோகும். அதோடு ஒப்பிட்டு உங்கள் சாற்றைக் குறைத்து எடைபோட்டுவிடுவீர்கள். இன்னொரு எச்சரிக்கை: நான்கு இடத்திலும் ஏற்றும் மொத்த அளவை விலங்கின் எடைக்குக் கணக்குப் போடுங்கள். மரப்பு மருந்து இரத்தத்தில் அளவு மீறிச் சேர்ந்தால் நடுக்கமும் வலிப்பும் வரும்.

கரைப்பான் மட்டும் போட்ட இடமும் மரத்துப்போகிறது

இது நல்ல செய்தி. கோளாறு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

எத்தனால் நரம்பைப் பாதிக்கும், திசுவையும் சுடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் அதிகச் செறிவில் நுண்ணிய நரம்பிழைகளின் கடத்தலைத் தடுக்கும். தோலில் ஹிஸ்டமினை வெளிவிடச் செய்து தானே தடிப்பும் எழுப்பும். வெறும் காய்ச்சி வடித்த நீர்கூட அப்பாவி இல்லை. தோலுக்குள் ஏற்றினால் முதலில் சுரீரென்று வலிக்கும், பிறகு அந்த இடம் சிறிது நேரம் மரக்கும். அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1885இலேயே தண்ணீரை மரப்பு மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். ஆகவே "நீரில்தானே கரைத்தோம்" என்பது சமாதானம் ஆகாது. கரைசலின் ஊடழுத்தம் (கரைந்த பொருள் நீரை இழுக்கும் அழுத்தம்) உடல் திரவத்தோடு, அதாவது ஏறத்தாழ 290 மில்லி ஆஸ்மாலோடு, ஒத்துப்போக வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று சலைன் (உப்புநீர்) குப்பியில் ஒளிந்திருக்கும். பல தடவை ஊசி குத்தி எடுக்கும் சில சலைன் குப்பிகளில் கிருமி வளராமல் இருக்க 0.9 விழுக்காடு பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். பென்சைல் ஆல்கஹாலுக்கே மரக்கச் செய்யும் குணம் உண்டு. உங்கள் சலைன் இடம் சந்தேகப்படும்படி அமைதியாக இருந்தால் குப்பியைத் திருப்பி, பதனப்பொருள் பட்டியலைப் பாருங்கள். பதனப்பொருள் இல்லாத ஒற்றைப் பயன்பாட்டுச் சலைன்தான் இந்த வேலைக்கு வேண்டும்.

திருத்தம்: எத்தனாலில் எடுத்த சாறு என்றால் எத்தனாலை முழுக்க ஆவியாக்கி, மிஞ்சியதை எடை மாறாத வரை உலர்த்துங்கள். பிறகு சலைனில், தேவைப்பட்டால் நீரில் கலக்காததைக் கலக்கவைக்கும் ட்வீன் 80ஐ மிகக் குறைவாகச் சேர்த்துக் கரையுங்கள். வெற்றுக் கரைப்பானும் அதே படிகளைக் கடக்க வேண்டும். செடி இல்லாமல் அதே எத்தனாலை ஆவியாக்கி, அதே ட்வீன் கலந்து, அதே வடிகட்டியில் வடித்த திரவம்தான் உண்மையான வெற்றுச் சோதனை.

நீர்ச் சாறு போட்டவுடனே, பிரமாதமாக மரக்கச் செய்கிறது

இதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இந்த இடத்தில் நிதானமாகப் போவோம்.

இலையில் பொட்டாசியம் ஏராளம். நீரில் காய்ச்சினால் அதில் பெரும்பகுதி சாற்றில் வந்துவிடும். உலர்த்தினால் அடர்ந்துகொண்டே போகும். நரம்பின் வெளியே பொட்டாசியம் மிகுந்தால் நரம்பு மின்சமநிலை இழந்து, துடிப்பைக் கடத்த முடியாமல் போகும். செடியில் மருந்து என்று எதுவுமே இல்லாவிட்டாலும் மரப்பு தெரியும்.

கணக்கைப் பாருங்கள். உலர்ந்த சாற்றில் 5 விழுக்காடு பொட்டாசியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மில்லிக்கு 100 மில்லிகிராம் சாறு கரைத்தால் அதில் 5 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். 39ஆல் வகுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 128 மில்லிமோல். செல்லுக்கு வெளியே இயல்பாக இருப்பது 4 முதல் 5 வரைதான். இருபத்தைந்து மடங்குக்கும் மேலான பொட்டாசியத்தைத் தோலுக்குள் ஏற்றிவிட்டு, அந்தப் பெருமையைச் செடிக்குக் கொடுக்கிறோம்.

எங்கள் மேசையிலும் இது நடந்தது. ஓர் இலைச் சாறு இரண்டு நிமிடத்திலேயே தோலை அமைதியாக்கியது; எல்லோருக்கும் மகிழ்ச்சி. வயதான ஆய்வக உதவியாளர் ஒருவர்தான் "இந்தச் சாற்றை எரித்துச் சாம்பலாக்கிப் போட்டுப் பாருங்களேன்" என்றார். உலையில் எரித்தோம். வெள்ளைச் சாம்பல் மிஞ்சியது. கரிமப் பொருள் எதுவும் அதில் இருக்க வாய்ப்பில்லை. அந்தச் சாம்பலை அதே கன அளவு நீரில் கரைத்து, அமில காரத்தைச் சமன்செய்து போட்டபோது தோல் ஏறக்குறைய அதே அளவு அமைதியானது. அன்று சாயங்காலம் நோட்டில் மூன்று வாரப் பக்கங்களின் குறுக்கே கோடு போட்டேன். இன்றுவரை எந்த நீர்ச் சாறு வந்தாலும் முதலில் சுடர் ஒளிமானியில் பொட்டாசியம் பார்க்காமல் விலங்கைத் தொடுவதில்லை.

சாம்பல் சோதனையை நீங்களும் செய்யலாம். அல்லது சாற்றில் இருக்கும் அதே அளவு பொட்டாசியம் குளோரைடைத் தனிக் குழுவாக வையுங்கள். எண்ணெயில் கரையும் பகுதியைப் பிரித்தெடுத்து அதைச் சோதிப்பது இன்னும் நல்லது. உப்பு நீர்ப் பகுதியிலேயே தங்கிவிடும்.

பொட்டாசியத்துக்கு அடுத்த சந்தேகம் டானின் என்ற துவர்ப்புப் பொருள். துவர்க்கும் செடி எதுவும் புரதத்தைப் படியவைத்துத் திசுவை இறுக்கும். வாயில் கடுக்காய் போட்டால் நாக்கு தடித்துப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அது உணர்விழப்பு ஆகாது. சாற்றில் ஜெலட்டின் கரைசலை விட்டுப் பாருங்கள். கலங்கிப் படிந்தால் டானின் இருக்கிறது. ஜெலட்டினாலோ பாலிவினைல் பாலிபிரோலிடோனாலோ அதை நீக்கிவிட்டு, பலன் இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது அமில காரம். இலைச் சாறுகள் பெரும்பாலும் புளிப்புப் பக்கம்தான் நிற்கும். அமிலம் தோலை எரிக்கும். எரிச்சல் ஊசிக் குத்துக்கான பதிலையும் குழப்பும். சமன்செய்யும்போது ஏதாவது படிந்தால் வடிகட்டிவிட்டு அப்படியே தொடராதீர்கள். படிந்து போனதே மருந்தாக இருக்கலாம். அதையும் தனியே எடுத்து வையுங்கள். தாவரத்தின் காரப்பொருள்கள் பல, காரநிலையில் நீரை விட்டு வெளியேறும் குணம் உடையவை. கோக்கா இலையின் கொக்கெயினும் அந்த இனம்தான்.

சாறு போடாத பக்கமும் அமைதியாகிவிட்டது

போட்ட இடத்தில் மட்டும் என்ற நிபந்தனை இங்கே உடைகிறது. காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, சாறு இரத்தத்தில் ஏறி விலங்கை மயக்கத்திலோ தளர்ச்சியிலோ தள்ளியிருக்கிறது. தலை தொங்குகிறதா, கூண்டில் விட்டால் தள்ளாடுகிறதா, கையை விலக்கியும் அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். எலி, சுண்டெலி என்றால் சுழலும் தண்டில் நிற்கவைத்துப் பார்க்கலாம். தளர்ச்சி உண்மை என்றால் அது ஆராய வேண்டிய வேறு விஷயம்; போட்ட இடத்து மரப்புக் கணக்கில் அது சேராது.

இரண்டாவது காரணம் நாமே. கினிப்பன்றியும் முயலும் வேட்டையாடப்படும் விலங்குகள். பிடியில் சிக்கினால், சத்தம் கேட்டால், மல்லாத்தினால் அசையாமல் உறைந்துவிடும். அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில் அதன் இதயம் படபடத்துக்கொண்டிருக்கும். உறைந்த விலங்கு குத்துக்குப் பதில் சொல்லாது. சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சில நிமிடம் கையில் எடுத்து, மேசைத் துணியில் உட்காரவைத்து, முதுகைத் தடவிப் பழக்குங்கள். பழகிய விலங்கு மேசையில் முனகிக்கொண்டு, துணியை மோந்துகொண்டு இருக்கும். அந்த நிலையில் கிடைக்கும் பதில்தான் நம்பத்தக்கது.

ஒவ்வொரு சுற்றிலும் முதல் குத்து வட்டத்துக்கு வெளியே, சாதாரணத் தோலில் இருக்கட்டும். அங்கே தோல் சிலிர்த்தால் மட்டும் வட்டத்துக்குள் போங்கள். வெளியேயும் பதில் இல்லை என்றால் அந்தச் சுற்றைக் குறித்துவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

உணர்வு திரும்பவே இல்லை

30 நிமிடம் ஆகிவிட்டது, 36க்கு 36. ஒரு மணி நேரம் ஆனது, இன்னும் பதில் இல்லை. "லிக்னோகெயினை மிஞ்சிவிட்டது" என்று ஒரு குரல் எழும். மறுநாள் காலையில் வந்து பாருங்கள். தோல் சாம்பல் நிறத்திலோ கருத்தோ இருந்தால், தொட்டால் விறைப்பாக இருந்தால், அது மரப்பு இல்லை, திசு இறந்திருக்கிறது. இறந்த தோல் எந்த ஊசிக்கும் துடிக்காது.

ஆய்வறிக்கைகளில் அதிகம் விடுபடுவது இந்த மறுநாள் பார்வைதான். 30 நிமிட அட்டவணை முடிந்ததும் எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். உணர்வு திரும்பும் வரை குத்துச் சுற்றை நீட்டச் சொல்லவில்லை. அது விலங்குக்கு வேதனை. அரை மணிக்கு ஒருமுறை இரண்டே குத்து போதும். 24 மணியிலும் 72 மணியிலும் சிவப்பு, வீக்கம், கருமை, புண் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விலங்கின் தோலையாவது திசுவியலுக்கு அனுப்புங்கள். நரம்பு நார்கள் முழுதாக இருக்கின்றனவா என்பது அங்கே தெரியும்.

திசு இறந்த அளவில் மற்ற விலங்குகளுக்குப் போடக் கூடாது. செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். பலன் அளவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கி, உணர்வும் திரும்பினால் நம்பிக்கை வைக்கலாம். ஓர் அளவு வரை ஒன்றுமே இல்லை, அதற்கு மேல் திடீரென்று முழு மரப்பும் சிவப்பும் சேர்ந்து வருகின்றன என்றால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது நச்சுத்தன்மை.

முதலில் எரிச்சல், பிறகு மரப்பு

போட்டவுடன் விலங்கு திரும்பி அந்த இடத்தைக் கடிக்கிறது, நக்குகிறது, சொறிகிறது. பத்து நிமிடம் கழித்து மரத்துப்போகிறது. இது மிளகாய் வழி. கேப்சைசின், 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும், நரம்பு முனையில் உள்ள டிஆர்பிவி1 வாங்கியை முடுக்கிவிடும். தொடர்ந்து முடுக்கினால் வாங்கி ஓய்ந்துவிடும். கிராம்பு எண்ணெயின் யூஜினால் இரண்டு வேலையும் செய்யும். நரம்புத் துடிப்பு கடக்கத் தேவையான சோடியம் வாயில்களையும் அடைக்கும், இந்த வாங்கியையும் தொடும். புதினா இனத்தின் மெந்தால் குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 வழியாகப் போகும்.

பிரித்தறிய ஊசிக் குத்து போதாது. தனியே எடுத்த தவளையின் தொடை நரம்பில் மின்துடிப்பைப் பதிவுசெய்து, மேலே சாற்றை ஊற்றிப் பாருங்கள். துடிப்பின் உயரம் குறைந்து, கழுவினால் மீண்டும் வந்தால் சாறு நரம்பின் கடத்தலையே தடுக்கிறது. கழுவியும் வராவிட்டால் மேலே சொன்ன நச்சுச் சந்தேகம்தான். என்னைக் கேட்டால் இந்த நரம்புச் சோதனையை முயலுக்கும் கினிப்பன்றிக்கும் முன்னால் செய்ய வேண்டும். பாதிச் சாறுகள் அங்கேயே தேங்கிவிடும். அத்தனை விலங்குகள் தப்பும்.

தடவினால் எந்தப் பலனும் இல்லை

ஊசியில் ஏற்றினால் மரக்கிறது, தோல்மேல் தடவினால் ஒன்றுமில்லை. சாறு கெட்டுப்போகவில்லை, தோல் தன் வேலையைச் செய்கிறது. மேல்தோலின் கொம்புப்படலத்தை (இறந்த செல்களாலான வெளியடுக்கை) தாண்டுவது லிக்னோகெயினுக்கே கடினம். லிக்னோகெயினும் பிரிலோகெயினும் 2.5 விழுக்காடு வீதம் கலந்த களிம்பைக்கூடப் பூசி, மூடி, ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். நீங்கள் நீரில் கரைத்த சாற்றைத் தடவி ஐந்தாவது நிமிடத்தில் குத்தினால் என்ன தெரியும்?

மூடி வைத்து 30, 60 நிமிடங்களில் பாருங்கள். சாற்றின் எந்தப் பகுதி தேவை என்பதையும் யோசியுங்கள். பல்வலிப் பூண்டின் பூவை மென்றால் நாக்கு மரக்கும், காரணம் ஸ்பைலாந்தால். அது கொழுப்பில் கரையும் பொருள், இலையைவிடப் பூவில்தான் அதிகம். இலையை நீரில் காய்ச்சிவிட்டு "இந்தச் செடியில் ஒன்றுமில்லை" என்று எழுதினால் செடிக்கு அநியாயம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சவரக்கத்தியில் மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். முடி நீக்கும் களிம்பு கொம்புப்படலத்தைக் கரைத்திருக்கும். அங்கே சாறு எளிதாக உள்ளே போய்ப் பிரமாதமாக வேலை செய்யும். அதனால்தான் வெட்டும் கருவியால் முடியை எடுத்து ஒரு நாள் விடுகிறோம். எலித் தோல் மனிதத் தோலைவிட எளிதில் ஊடுருவ விடும். மனிதத் தோலுக்கு நெருக்கமானது பன்றித் தோல். அதுவும் உணவுக்காக அறுத்த பன்றியின் காது போதும், தனியே ஒரு விலங்கு தேவையில்லை.

முயல் கண்: சொட்டு விட்டதும் இமை மூடுகிறது, எண்கள் தாறுமாறாக இருக்கின்றன

1884இல் மருத்துவர் கார்ல் கோலர் கொக்கெயின் கரைசலைத் தவளையின் ஒரு கண்ணில் விட்டார். அந்தக் கண்ணை ஊசியால் தொட்டாலும் தவளை அசையவில்லை. மற்றக் கண்ணை லேசாகத் தொட்டதும் துள்ளியது. பிறகு முயல், நாய், கடைசியில் தன் கண். அந்த மற்றக் கண்தான் அன்றைய கண்ட்ரோல், அதாவது ஒப்பீட்டு இடம். இன்றும் ஒரு கண்ணில் சாறு, மறு கண்ணில் கரைப்பான் என்றே செய்கிறோம்.

எண்கள் தாறுமாறாக இருந்தால் முதலில் உங்கள் கை வரும் திசையைக் கவனியுங்கள். நேரே முன்னால் கொண்டுவந்தால் முயல் பார்த்தே கண்ணை மூடும். அது தொடு உணர்வின் பதில் இல்லை. பக்கத்திலிருந்து, இமைமுடியிலும் மீசையிலும் படாமல், விழியின் நடுவே மட்டும் தொட வேண்டும். விழியைத் தொடும் பஞ்சுத் திரியின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். நைலான் இழை உணர்வுமானி இருந்தால் அதையே வையுங்கள். இழை நீளத்தைக் குறைக்கக் குறைக்க அழுத்தம் கூடும். எந்த நீளத்தில் இமைத்தது என்ற எண் "இமைத்தது, இமைக்கவில்லை" என்பதைவிட எவ்வளவோ பேசும்.

சொட்டு விட்டதுமே கண்ணை இறுக்கினால் சாறு எரிக்கிறது. அங்கேயே கழுவி நிறுத்துங்கள். கலங்கலான சாற்றைக் கண்ணில் விடவே கூடாது. துகள் விழியைக் கீறும், கீறிய விழியின் உணர்வு மாறிவிடும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஃபுளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பாருங்கள். பச்சையாக ஒளிர்ந்தால் அங்கே மேற்படலம் போயிருக்கிறது.

இன்னொன்று. மரத்த கண் இமைக்காது; இமைக்காத கண் உலரும். சோதனை முடிந்ததும் உணர்வு திரும்பும் வரை அந்தக் கண்ணைச் சலைனால் நனைத்துக்கொண்டிருக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் அன்று முயலை எடுக்காதீர்கள்.

கண் எரிச்சலை அறிய உயிருள்ள முயல்தான் வேண்டும் என்பதும் இல்லை. இறைச்சிக்கூடத்து மாட்டு விழியிலும் வளர்த்த செல் படலத்திலும் பார்க்கும் முறைகளைப் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றில் தேறாத சாறு முயல் வரை வரவேண்டாம்.

தவளைக் கால் அமிலத்திலிருந்து தாமதமாக விலகுகிறது

மூளை நீக்கிய தவளையின் பாதத்தில் சாற்றைப் போட்டு, பிறகு அமிலத்தில் வைத்து, காலை இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் பழைய முறை இது. பல இடங்களில் இந்த முறையையே விட்டுவிட்டார்கள்; நானும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய எண்களைச் சரிபார்ப்பவர்களுக்காக மூன்று விஷயம். சாறு ஒட்டிய பாதத்தை அப்படியே அமிலத்தில் வைத்தால் சாறே அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கும். தாமதம் அதனால் வந்திருக்கலாம். கழுவிவிட்டுத்தான் வைக்க வேண்டும். கழுவும் நீர் 0.9 விழுக்காட்டுச் சலைன் அல்ல, தவளைக்கு 0.65. மூளையை நீக்கியவுடன் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும். அனிச்சைச் செயல் திரும்பாமலே தொடங்கியிருந்தால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை.

நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் முடிவு மாறுகிறது

சாறு பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்; குத்துபவருக்கு எது எதுவென்று தெரிந்துவிடும். தெரிந்த கை தெரியாமலே மெல்லக் குத்தும். ஊசி போடுபவர் ஒருவர், குத்துபவர் இன்னொருவர் என்று பிரியுங்கள். எல்லா இடத்தின் மேலும் ஒரே அடர் நிறச் சாயத்தைப் பூசி நிறத்தை மறையுங்கள். எந்த இடத்தில் எந்த மருந்து என்பதை விலங்குக்கு விலங்கு சுழற்றுங்கள், ஏனென்றால் முதுகின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு உணர்வு உடையவை அல்ல. குத்தூசியை ஒவ்வொரு விலங்குக்கும் மாற்றுங்கள். இரத்தம் வந்தால் அது கூர்மை மீறிய ஊசி.

சாறும் மாறும். அதே செடி என்றாலும் பறித்த பருவமும் உலர்த்திய விதமும் வேறாக இருக்கலாம். ஒரு தொகுதிச் சாற்றை, அதன் பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தட்டில் ஓட்டிப் படம் எடுத்து வைத்தால், அடுத்த தொகுதி வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாகக் கணக்கு. ஆறு விலங்கில் 36 குத்து வீதம் குத்தினால் மாதிரி எண்ணிக்கை 216 இல்லை, ஆறுதான். ஒரே முதுகின் நான்கு இடங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றை இணை ஒப்பீடாகத்தான் கணிக்க வேண்டும். 216 என்று எடுத்துக்கொண்டு வந்த சிறந்த முடிவுகளை ஆறாக மாற்றிக் கணித்துப் பாருங்கள். பலன் மறைந்துபோனால் விலங்குகளை இன்னும் வாங்கும் முன் மேலே பொட்டாசியம் பற்றிச் சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.